தன்னார்வலராக இருந்தவர் அதையே வேலையாக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எஸ்.எஸ். முகாம், வெள்ள நிவாரணம், ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம், மாலை நேர வகுப்பு என்று ஏதோ ஒன்றில் இறங்கிவிட்டு, "இதையே முழுநேரமாகச் செய்தால் என்ன?" என்று யோசிக்கிற தமிழ்நாட்டு இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். மாவட்ட அளவில் இயங்கும் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவன் நான். ஆள் எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்த பழக்கமும் உண்டு. பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களின் நிலவரம் சில இடங்களில் இதிலிருந்து மாறும்.

கல்லூரியில் இரண்டு வருடம் என்.எஸ்.எஸ்.-ல் இருந்தேன். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

நேர்காணலுக்குக் கூப்பிட அது உதவும். வேலை வாங்கித் தராது.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.). இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இந்தக் கணக்கை முடித்த எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சான்றிதழ்தான் இருக்கிறது. அதை வைத்து ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் நான் கேட்பது வேறு: முகாம் போட்ட ஊரின் பெயர் என்ன? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊரும் காலனியும் ஒரே தொட்டியிலா தண்ணீர் பிடிக்கின்றன? நீங்கள் நட்ட கன்று இப்போது இருக்கிறதா?

பலர் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடுவார்கள். முகாம் முடிந்த பிறகும் ஒரு முறையாவது அந்த ஊருக்குப் போய்வந்தவர் மட்டும், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

அப்படியானால் எந்த மாதிரித் தன்னார்வம்தான் அனுபவமாகக் கணக்கில் வரும்?

ஒரே வேலையில், ஒரே ஊரில் அல்லது ஒரே குழுவோடு, சலிப்புத் தட்டிய பிறகும் தொடர்ந்த தன்னார்வம். பத்து நிறுவனங்களில் பத்து ஞாயிறு போனவரைவிட ஒரே இடத்தில் ஒரு வருடம் நின்றவரைத்தான் எடுப்பேன். முதல் மாதத்தில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். ஆள் வராத நாளில் என்ன செய்தார், கணக்கு இடித்தபோது என்ன செய்தார், ஊர்ப் பெரியவர் முகம் கொடுக்காதபோது என்ன செய்தார் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும்.

சென்னையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி தொடங்கிக் கோடை பிறக்கும் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இரவெல்லாம் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பிடத்துக்கு மாற்றி, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கத்தான் ஊர் திரளும், படம் எடுக்கும். தன்னார்வலரை உருவாக்குவது அதற்கு முந்தைய இரவுகள்தான். எத்தனை கூடு, எந்த இடம், எத்தனை முட்டை, கரை ஒதுங்கிய செத்த ஆமை எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். ஆமையே வராத இரவிலும் நடக்க வேண்டும். நடந்துவிட்டு "இன்று ஒன்றுமில்லை" என்று அதையும் எழுத வேண்டும்.

அந்தக் குழுவை மாணவராக இருந்தபோது தொடங்கியவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். பின்னாளில் கடலாமை ஆய்வாளராகி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். கடலோர மக்களையும் கடல்வாழ் உயிர்களையும் சேர்த்துப் பார்க்கும் தக்ஷிண் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். இரவு நடை போன எல்லோரும் அப்படி ஆகிவிடவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் கடற்கரையில் நோட்டு எழுதிய பழக்கத்துக்கும் பிற்கால ஆய்வுக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து வாங்குவது இந்தப் பழக்கத்தைத்தான்.

நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். இது அனுபவமாகுமா?

ஆகும். சொல்லப்போனால் இன்று தமிழ்நாட்டில் கல்வித் துறை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் இருக்கக்கூடிய நல்ல அனுபவங்களில் இதுவும் ஒன்று. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது அந்தத் திட்டம். தொடக்கத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள்.

அவர்களில் பலர் விண்ணப்பத்தில் "டியூஷன் எடுத்தேன்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த ஆறாம் வகுப்புப் பையனை வாசிக்க வைத்தது எப்படி? வகுப்புக்கு அனுப்பாத வீட்டுக்கு எத்தனை முறை போனீர்கள், என்ன பேசினீர்கள்? அதுதான் அந்த வேலையின் சாரம். அதை எழுதுங்கள்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஊதியமில்லாமல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் வகுப்பு முடிந்ததும் கலைந்துவிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தத் தொண்டர்களிடமிருந்தே 'மலர்' என்ற பெண்களின் சேமிப்பு, கடன் அமைப்பு எழுந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் கற்றுக் கொடுத்ததும் கற்றதும் சைக்கிள் ஓட்டியதுமாகப் பெண்கள் ஊரைக் கலக்கியதை இன்றும் பேசுகிறார்கள்.

தொண்டு நிறுவனத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

வெளியிலிருந்து பார்த்தால் "சேவை" என்று ஒரே வேலை மாதிரித் தெரியும். உள்ளே பார்த்தால் அது மற்ற அலுவலகங்களைப் போல ஓர் அலுவலகம், கூடவே களம்.

களத்தில் களப்பணியாளர் இருப்பார், அவருக்கு மேல் வட்டார ஒருங்கிணைப்பாளர், அவருக்கும் மேல் ப்ராஜெக்ட் மேனேஜர். அலுவலகத்தில் கணக்காளர், எம்.ஐ.எஸ். பார்ப்பவர் (களத்திலிருந்து வரும் தரவுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்துபவர்), அறிக்கை எழுதுபவர், நிதி திரட்டுபவர். இவை போக ஆலோசகர், பயிற்சியாளர், மருத்துவ சமூகப் பணியாளர் போன்ற தனித்திறன் வேலைகள்.

தன்னார்வலராக இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் களப்பணிக்கே விண்ணப்பிக்கிறார்கள். ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் தவிப்பது கணக்குக்கும் அறிக்கைக்கும்தான். பி.காம். படித்துவிட்டு, டேலி தெரிந்து, களத்தின் மேல் மரியாதையும் வைத்திருக்கும் ஒருவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது. "நான் மக்களோடு வேலை செய்யத்தான் வந்தேன்" என்று கணக்கைத் தள்ளிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பில் சரியாக இல்லாமல் தணிக்கையில் மாட்டினால், அடுத்த வருடம் அந்த மக்களுக்குப் போக வேண்டிய பணம்தான் நிற்கும்.

சம்பளம் எவ்வளவு வரும்?

தொடக்கத்தில் குறைவு. மாவட்டத்துச் சிறு நிறுவனத்தில் முதல் சம்பளம் பெரும்பாலும் அந்த ஊர்த் தனியார் பள்ளி ஆசிரியர் வாங்குவதை ஒட்டியே இருக்கும். பெரிய அறக்கட்டளைகள், கார்ப்பரேட் பவுண்டேஷன்கள், சர்வதேச அமைப்புகள் நல்ல சம்பளம் தருகின்றன. அங்கே போட்டியும் அதற்கேற்ப அதிகம்.

ஏன் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசவும் தெரியும். நிறுவனத்துக்கென்று சொந்தப் பணம் கிடையாது, அல்லது மிகக் குறைவு. பணம் ப்ராஜெக்ட் வழியாக வருகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். பணம் என்கிறோம். கொடுக்கும் கம்பெனி "பயனாளிக்கு நேரடியாக எவ்வளவு போகிறது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவது சம்பளத் தலைப்பு.

வெளிநாட்டு நன்கொடையில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. ஆனால் பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியர், மருத்துவமனையின் மருத்துவர், ஆய்வு அல்லது பயிற்சி நிறுவனத்தில் களத் தரவு திரட்டுபவர் போன்றவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. அலுவலகத்தில் இருப்பவரின் சம்பளம் சேரும். ஒரே நிறுவனத்தில் ஒருவருக்குச் சம்பளம் ஏறி இன்னொருவருக்கு ஏறாமல் போவதற்கு, உங்கள் திறமைக்குத் துளியும் தொடர்பில்லாத இந்த மாதிரிக் காரணங்களும் உண்டு.

ஆகவே நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: இந்தப் பணியிடம் எந்த ப்ராஜெக்டில் வருகிறது, அது எப்போது முடிகிறது, ஆண்டுதோறும் சம்பள உயர்வு பட்ஜெட்டில் எழுதப்பட்டிருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். அவர்கள் செய்யும் தயவு அல்ல, சட்டம்.

ப்ராஜெக்ட் முடிந்தால் என் கதி?

இந்தத் துறையின் உண்மையான ஆபத்து இதுதான். குறைந்த சம்பளத்தை எப்படியோ சமாளிக்கலாம். திடீரென்று நிற்பதைச் சமாளிப்பது கடினம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்து குவிந்த நிறுவனங்களை ஒருங்கிணைக்கவே தனி மையம் ஒன்று தேவைப்பட்டது. பிணம் தூக்கவும் சோறு பொங்கவும் ஓடிவந்த உள்ளூர் இளைஞர்கள் பலரை அந்த நிறுவனங்கள் களப்பணியாளர்களாக எடுத்துக்கொண்டன. வீடு கட்டும் திட்டங்கள் முடிய முடிய, அலுவலகங்களும் ஒவ்வொன்றாக மூடின. யார் நிலைத்தார்கள்? வீடு கட்டும் மேற்பார்வையை மட்டும் தெரிந்துகொண்டவர்களுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. மீனவப் பஞ்சாயத்தோடு பேசத் தெரிந்தவர்கள், சுயஉதவிக் குழுக் கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள், பேரிடர் ஆயத்தப் பயிற்சி கொடுக்கக் கற்றவர்கள் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள்.

அண்மைய உதாரணம் 1098, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண். 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாகப் பிறந்த சைல்டுலைன் சேவை, நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே நடந்தது. 2023-ல் அதை அரசின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்போடு இணைத்தார்கள். நல்ல முடிவா கெட்ட முடிவா என்பது தனி விவாதம். நள்ளிரவில் போனை எடுத்துப் பேருந்து நிலையத்துக்கு ஓடிய ஊழியர்களின் பணியிடங்கள் அந்த நிறுவனங்களில் இல்லாமல் போயின என்பது மட்டும் நடந்த உண்மை.

இதனால் நான் சொல்வது: ப்ராஜெக்டின் பெயரை உங்கள் தொழிலின் பெயராக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் எடுத்துப் போகக்கூடிய திறன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைக்கப் பாருங்கள். முதல் இரண்டு வருடத்தில் முடியாது, தெரியும். மூன்றாம் வருடத்திலாவது.

எம்.எஸ்.டபிள்யூ. படித்தே ஆக வேண்டுமா?

சமூகப் பணியில் முதுகலைப் பட்டமான அது எல்லா வேலைக்கும் தேவையில்லை. குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, மனநலம், அரசுத் திட்டத்தின் ஒப்பந்தப் பணியிடம் ஆகியவற்றில் பெரும்பாலும் கேட்பார்கள். வேளாண்மை, நீர்நிலை, கல்வி, வாழ்வாதாரம் போன்றவற்றில் உங்கள் சொந்தப் பாடமே போதும். வேளாண் பட்டதாரி எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போவது பல நேரம் வீண்வேலை.

படிப்பதென்றால் இங்கேயே நல்ல இடங்கள் உண்டு. 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளி அவற்றில் மூத்தது. அதைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் பட்டம் வாங்கி இந்தத் துறைக்கு வந்தவரல்ல. கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பில் தொண்டராக இறங்கி, இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கான உபசரிப்புக் குழுவை நடத்தி, அந்த அனுபவத்தோடு "இதற்குப் பயிற்சி வேண்டும்" என்று பள்ளி தொடங்கியவர். திண்டுக்கல் அருகே காந்திகிராமம் இருக்கிறது. மதுரையில் 'தான் அகாடமி' (முன்பு டாட்டா-தான் அகாடமி) வளர்ச்சி மேலாண்மையில் இரண்டாண்டுப் படிப்பு நடத்துகிறது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வீட்டு வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை கிடைக்கும்.

என் கருத்து: பட்டம் முடித்த கையோடு போகாமல், ஒரு வருடம் களத்தில் இருந்துவிட்டுப் படிக்கப் போங்கள். வகுப்பில் சொல்வது எதைப் பற்றி என்று அப்போதுதான் பிடிபடும்.

ஃபெலோஷிப் நல்ல வழியா?

உதவித்தொகை வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட காலம் களத்தில் வேலை செய்து கற்கும் ஏற்பாடு அது. நகரத்துப் படிப்பும் ஓரளவு ஆங்கிலமும் உள்ளவர்களுக்கு மிக நல்ல வழி. டீச் ஃபார் இந்தியா இரண்டு வருடம், வகுப்பறையில். காந்தி ஃபெலோஷிப்பும் இரண்டு வருடம், அரசுப் பள்ளிகளோடும் மாவட்ட நிர்வாகத்தோடும். எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா பதின்மூன்று மாதம், கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு தங்கி. மூன்றிலும் மாத உதவித்தொகை உண்டு.

ஃபெலோவாகப் போகிற பிள்ளைகள் நிறுவனத்தின் தலைமையோடு பழகுகிறார்கள். அந்த ஊரிலேயே பதினைந்து வருடமாக இருக்கும் களப்பணியாளர் அவர்களுக்கு வண்டி ஓட்டி ஊர் காட்டுகிறார். இரண்டு வருடம் கழித்து ஃபெலோ மேலாளராகிறார், வண்டி ஓட்டியவர் அங்கேயே இருக்கிறார். இது இந்தத் துறையின் உள்ளே இருக்கும் சாதி போன்ற அடுக்கு. ஃபெலோஷிப்பில் போகிறவர் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. கவனித்தால் கற்றுக்கொள்ள வேண்டியவர் யாரென்றும் தெரிந்துவிடும்.

எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. கதவு மூடியதா?

களத்தின் கதவு அகலத் திறந்தே இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பேசத் தெரிந்தவருக்கு ஆங்கிலம் எதற்கு? ஒருங்கிணைப்பாளர் நிலைக்கு மேலே போகும்போதுதான் இடிக்கும், ஏனென்றால் நிதி தருபவருக்குப் போகும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். மேடைப் பேச்சு ஆங்கிலம் தேவையில்லை. "இந்த மாதம் என்ன செய்தோம், எது நடக்கவில்லை, ஏன்" என்று ஒரு பக்கம் எழுதும் ஆங்கிலம் போதும். நிறுவனத்தின் பழைய அறிக்கைகளை வாங்கி, அவற்றைப் பார்த்து எழுதிப் பழகுங்கள். இலக்கண வகுப்பைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வாரக்கடைசியில் தன்னார்வலர். வேலையை விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 2006-ல் சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய 'பூமி' போன்ற அமைப்புகள் வளர்ந்ததே வேலையை விடாத வாரக்கடைசித் தன்னார்வலர்களால்தான். விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். கூகுள் வேலையை விட்ட அருண் கிருஷ்ணமூர்த்தி இந்தியச் சுற்றுச்சூழல் ஆர்வலர் அமைப்பை வளர்த்து ஏரி குளங்களைச் சீரமைப்பது பலருக்கும் தெரியும்.

வாரக்கடைசியில் தெரிவது வேலையின் நல்ல பக்கம். திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருப்பதும் அந்த வேலைதான். இரண்டு வாரம் விடுப்பெடுத்து, அதே நிறுவனத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், வீட்டுக்கடன், பெற்றோர் மருத்துவச் செலவு, திருமணம் என்று எழுதிவைத்துக் கணக்குப் போடுங்கள்.

"முதலில் கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் வேலை செய், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

மாணவராக, வாரத்துக்குச் சில மணி நேரம் என்றால் சரி. பட்டம் முடித்தவரை முழுநேரமும் உட்கார வைத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, பயணப்படிகூடத் தராமல் வைத்திருந்தால் அதைத் தன்னார்வம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காலத்தை எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதம் தாண்டினால் வெளியே வாருங்கள். இலவசமாக உழைக்க வசதிப்பட்டவர் மட்டுமே இத்துறைக்குள் வர முடியும் என்றானால், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் நிறுவனத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கே இடமிருக்காது.

நிறுவனம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு விவரங்களைப் பாருங்கள். டிரஸ்ட்டா, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அமைந்த சங்கமா, எட்டாம் பிரிவுக் கம்பெனியா (லாப நோக்கமில்லாத கம்பெனி)? 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமானவரிப் பதிவுகள் இருக்கின்றனவா? தொண்டு நிறுவனங்களைப் பதியும் அரசின் என்.ஜி.ஓ. தர்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா? இவை அடிப்படை. இருந்தால் மட்டும் நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது, இல்லையென்றால் யோசியுங்கள்.

காகிதம் சொல்லாததை வேலையை விட்டுப்போனவர் சொல்வார். சம்பளம் மாதாமாதம் தேதிக்கு வருமா, வாங்காத தொகைக்குக் கையெழுத்துக் கேட்டார்களா என்று அவரிடம் விசாரியுங்கள். வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கை "நன்கொடையாக" திருப்பிக் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படிக் கேட்டால் அன்றே கிளம்பிவிடலாம். வேலை தர முன்பணம் கேட்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளோடு வேலை செய்யும் நிறுவனம் என்றால், எழுத்தில் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேளுங்கள். 2012-ல் போக்சோ சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பெயரோடு முகநூலில் போடும் நிறுவனம், மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

பெண்கள் களப்பணிக்குப் போவது பாதுகாப்பானதா?

தமிழ்நாட்டில் களப்பணியைத் தாங்குபவர்களே பெண்கள்தான். இருந்தாலும் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: கடைசிப் பேருந்து போய்விட்டால் யார் பொறுப்பு, தங்கும் இடம் எது, வண்டிக்குப் பெட்ரோல் தருகிறார்களா, கழிப்பறை வசதி என்ன? பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று சேரும் அன்றே கேளுங்கள். "நம்ம ஆபீஸ்ல அதெல்லாம் வராதுங்க" என்று பதில் வந்தால் குழு இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்வது?

"சேவை" என்ற சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு அந்தச் சொல் வருமானமில்லாத வேலை என்றே கேட்கும். பதவியின் பெயர், சம்பளம், பி.எஃப்., அலுவலகம் இருக்கும் ஊர் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த நிறுவனத்தில் பத்து வருடம் இருந்து குடும்பம் நடத்தும் ஓர் அக்காவையோ அண்ணனையோ வீட்டுக்குக் கூட்டிவந்து பேச வையுங்கள். இரண்டு வருடம் பார்க்கிறேன், சரிவரவில்லையென்றால் வேறு வேலைக்குப் போகிறேன் என்று கெடு வைத்தால் பல வீடுகளில் இறங்கிவருகிறார்கள். அவர்களின் பயம் நியாயமற்றது என்று நினைக்க வேண்டாம். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில் முதல் சம்பளத்தைக் கண் பார்த்திருக்கும்.

நானே ஒரு டிரஸ்ட் தொடங்கிவிட்டால்?

பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது சில நாள் வேலை. பிறகுதான் தொடங்கும் தலைவலி. ஆண்டுத் தணிக்கை, வருமானவரித் தாக்கல், சி.எஸ்.ஆர். பணம் வாங்கத் தனிப் பதிவு. வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால் மூன்று ஆண்டு இயங்கி, அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் அதற்குள் போய் மாட்டிக்கொள்பவர்கள், தாங்கள் செய்ய நினைத்த வேலையைச் செய்ய நேரமில்லாமல் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'தி பான்யன்' தொடங்கியபோது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்கள் என்று உடனே சொல்வீர்கள். உண்மை. தெருவில் மனநோயோடு கிடந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ள அன்று இடமில்லை, அதனால் இடத்தை உருவாக்கினார்கள். நீங்கள் செய்ய நினைப்பதை உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே யாராவது செய்கிறார்களா? செய்கிறார்கள் என்றால் அங்கே போய்ச் சேருங்கள். ஒருவருமே இல்லை என்றால் அப்போது பத்திரம் எழுதலாம்.

பயோடேட்டாவில் தன்னார்வப் பணியை எப்படி எழுதுவது?

கடைசிப் பக்கத்தில் "பொழுதுபோக்கு" என்ற தலைப்புக்குக் கீழே அல்ல. வேலை அனுபவம் எழுதும் இடத்திலேயே எழுதுங்கள், ஊதியமில்லாப் பணி என்று குறிப்பிட்டுவிட்டு. நிறுவனம், ஊர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்துக்கு எவ்வளவு நேரம், நீங்கள் பொறுப்பேற்றுச் செய்தது என்ன, அதில் என்ன நடந்தது.

"சமூக சேவையில் ஆர்வம் உண்டு, பல முகாம்களில் பங்கேற்றுள்ளேன்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். "மாலை வகுப்பு நடத்தினேன். 18 பிள்ளைகள். வருகைப் பதிவேடும் மாத வாசிப்புச் சோதனையும் நான் பார்த்தேன். நான்கு பேர் இடையில் நின்றார்கள், இருவரை வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்பக் கூட்டிவந்தேன்" என்று எழுதினால், மற்ற இருவர் ஏன் வரவில்லை என்று நேர்காணலில் கேட்பேன். அங்கிருந்து அரைமணி நேரம் பேசலாம். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும், அவரிடம் கேட்டுவிட்டு, கீழே போடுங்கள். தலைவரின் எண் வேண்டாம். வகுப்பு நடந்த தெருவுக்குப் பொறுப்பாக இருந்த ஒருங்கிணைப்பாளரின் எண் போதும், நான் கூப்பிடுவேன்.